பறக்கும் பயிற்சியை விட்டுவிடலாமா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

நாளைக் காலை சோர்ட்டியை (ஒரு தடவை மேலே போய் இறங்கும் பயிற்சிப் பறப்பை) வைத்துக்கொண்டு, ராத்திரி தூக்கம் வராமல், விலகல் கடிதத்தை மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சி விமானிகளுக்காக இதை எழுதுகிறேன். விமானப்படையோ, கடற்படையோ, தரைப்படையின் ஹெலிகாப்டர் பிரிவோ, எந்த நாடாக இருந்தாலும் இந்த நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை, எத்தனையோ பேரில் தேர்வாகி உள்ளே வந்தாச்சு, இப்போது "எனக்கு இது வேண்டாமோ" என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது, யாரிடமாவது சொல்லலாம் என்றால் சொன்ன மறுநிமிடமே எல்லோரும் வேறு மாதிரி பார்ப்பார்களே என்று பயம்.

விலகியதே சரி என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, தொடர்ந்தது நல்லதாகப் போயிற்று என்பவர்களும் உண்டு. நான் பார்த்தவரை, பின்னால் வருத்தப்பட்டவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: எதனால் விலகத் தோன்றுகிறது என்று பிரித்துப் பார்க்காமலே முடிவெடுத்துவிட்டார்கள். வாந்தி தாங்காமல் விலகியவர் "எனக்குத் திறமை இல்லை" என்று நினைத்துக்கொண்டு போனார். வேலையே பிடிக்காதவர் "பயத்தை ஜெயிக்கணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தார். அதனால் இந்தக் கட்டுரை முழுக்கப் பிரித்துப் பார்ப்பதைப் பற்றித்தான்.

"நாளைக்குப் பறக்கக் கூடாது" வேறு, "இனிமேல் பறக்க வேண்டாம்" வேறு

இந்த இரண்டையும் முதலில் தனித்தனியாக வையுங்கள். முதலாவதை உடனே, வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். இரண்டாவதை ஆற அமர யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: காய்ச்சலோடும் தூக்கமில்லாமலும் பறந்து, சோர்ட்டியைக் கெடுத்துக்கொண்டு, அதே ராத்திரி விலகல் கடிதம் எழுத உட்காருகிறார்கள்.

விமானிகள் கிளம்பும் முன் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒரு சரிபார்ப்பு உண்டு: உடம்பு சரியில்லையா, ஏதாவது மருந்து எடுத்தேனா, மனசில் பாரம் இருக்கிறதா, மது உள்ளே இருக்கிறதா, களைப்பா, மனநிலை எப்படி. இதில் ஒன்று தவறினாலும் "இன்றைக்கு நான் தகுதியாக இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, சொல்வது உங்கள் கடமையும்கூட. வீட்டில் பெரிய சண்டை, நெருங்கிய ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் அதுவும் இதில் சேரும். ஒருநாள் பறக்காமல் நின்றதற்காக யாரும் விங்ஸ் (பயிற்சி முடித்த விமானிக்கு அணிவிக்கும் சின்னம்) இழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிறுத்தச் சொல்லும் உரிமை சும்மா வந்ததில்லை. 1988-ல் அமெரிக்காவின் பென்சகோலா கடற்படைத் தளத்தில், மீட்பு நீச்சல் பயிற்சியில், தன்னால் முடியவில்லை, விலகிக்கொள்கிறேன் என்று சொன்ன ஒரு பயிற்சி மாணவரை வற்புறுத்தி மறுபடி தண்ணீருக்குள் இறக்கினார்கள். அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் ஆபத்தான பயிற்சிகளில் மாணவரோ பயிற்றுநரோ யார் வேண்டுமானாலும் பயிற்சியை நிறுத்தச் சொல்லலாம், தன்விருப்பத்தில் சேர்ந்த பயிற்சி என்றால் தானாக விலகவும் செய்யலாம் என்ற விதிகளை அந்தக் கடற்படை கண்டிப்பாக்கியது. நீங்கள் இருக்கும் படையில் இதற்கு என்ன விதி, என்ன சொல் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விலகப் போகிறீர்களோ இல்லையோ, தெரிந்திருந்தால் மனசு கொஞ்சம் லேசாகும், ஏனென்றால் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அறைக்குள் மூச்சு முட்டுவதில்லை.

அப்புறம் ஒரு கட்டுப்பாடு: மோசமான சோர்ட்டியோ, தவறிய செக் ரைடோ (பறந்து காட்டும் தேர்வு), விபத்துச் செய்தியோ வந்த அன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் போகட்டும். அதே சமயம் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் அரை மனசோடு பறப்பதும் ஆபத்துதான். காக்பிட்டில் பாதி மனசு வேறு எங்கோ இருப்பவர் தனக்கும் ஆபத்து, கூட ஃபார்மேஷனில் (பக்கத்தில் அணியாக) பறப்பவருக்கும் ஆபத்து. ஒரு தேதி குறியுங்கள், அந்தத் தேதியை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அதுவரை கீழே சொல்வதையெல்லாம் பாருங்கள்.

உடம்பு மக்கர் செய்கிறதா?

வாந்தியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் விலக நினைக்கும் பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் அது. ஏரோபாட்டிக்ஸ் (வானில் குட்டிக்கரணம் போடும் பயிற்சி) தொடங்கிய வாரத்தில் ஒரு லூப், ஒரு ரோல், அடுத்து ஸ்பின் (சுழன்றுகொண்டே கீழே இறங்குவது) என்று போகும்போது நெற்றியில் வியர்த்து, வாயில் எச்சில் ஊறி, மாஸ்க்கைக் கழற்றிப் பையைத் தேட வேண்டியதாகிவிடும், இறங்கி வந்தால் கூடப் படிப்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது, மூளைக்கு இரண்டும் ஒத்துவரவில்லை, நடப்பது அவ்வளவுதான். இதற்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை.

இது பெரும்பாலும் பழகக்கூடியது. இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது: பென்சகோலாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் சுழலும் நாற்காலியில் உட்காரவைத்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லி, நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டி உடம்பைப் பழக்குகிறார்கள். பிரிட்டிஷ் விமானப்படையிலும் இப்படி ஒரு முறை உண்டு. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பறக்கத் திரும்பிவிடுகிறார்கள். சில படைகளில் ஆரம்பச் சில சோர்ட்டிகளுக்கு, இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கும்போது மட்டும், டாக்டர் மருந்து தருவார், தனியாகப் பறக்கும் சோலோவுக்குக் கிடையாது. நீங்களாகக் கடையில் வாங்கி மாத்திரை போடாதீர்கள், அதில் பல தூக்கம் வரவைப்பவை.

கைவசம் செய்யக்கூடியவையும் சில உண்டு. வெறும் வயிற்றில் பறக்காதீர்கள். மடியில் இருக்கும் செக்லிஸ்ட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்காமல் கண்ணைத் தொடுவானத்தில் வையுங்கள். ஸ்டிக் உங்கள் கையில் இருக்கும்போது குமட்டல் குறைவாக இருக்கும், அதனால் முடிந்தவரை நீங்களே ஓட்டுகிறேன் என்று கேளுங்கள். நீண்ட இடைவெளி விட்டால் பழகிய உடம்பு மறந்துவிடும், விடுப்புக்குப் போய்வந்த வாரம் மறுபடி குமட்டினால் அதிர்ச்சி அடைய வேண்டாம். முக்கியமாக, ஃப்ளைட் சர்ஜனிடம் (விமானிகளைக் கவனிக்கும் படை டாக்டரிடம்) மறைக்காதீர்கள். சிகிச்சை முழுசாக எடுத்தும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அப்போது அது மருத்துவக் காரணம், தன்விருப்ப விலகல் கிடையாது, ஏட்டில் இரண்டும் வேறு வேறாகத்தான் பதியும்.

விமானம் முன்னால் போகிறது, நீங்கள் பின்னால் ஓடுகிறீர்களா?

விலகத் தோன்றுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் காரணமும் இதுதான்.

சர்க்யூட் (ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் வட்டம்) பறக்கிறீர்கள். டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் போகும் பகுதியில்) உயரம் ஐம்பது அடி ஏறிவிட்டது, அதைச் சரிசெய்ய மூக்கைக் கீழே தள்ளினால் வேகம் கூடுகிறது, எஞ்சின் விசையைக் குறைக்க த்ராட்டிலைப் பின்னால் இழுக்கிறீர்கள், அதற்குள் ரேடியோவில் டவர் கூப்பிடுகிறது, பதில் சொல்லி முடிப்பதற்குள் லேண்டிங் கியர் இறக்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது, இன்ஸ்ட்ரக்டர் ஏதோ சொன்னார், காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இந்த நேரத்தில் ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தால் விரல் முட்டி வெளுத்திருக்கும். டிரிம் (கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானம் அதே நிலையில் பறக்கச் சரிகட்டுவது) செய்திருக்க மாட்டீர்கள், அதனால் விமானத்தோடு ஒவ்வொரு நொடியும் மல்லுக்கட்டுகிறீர்கள், அந்த மல்லுக்கட்டலே மூளையில் பாதியைத் தின்றுவிடுகிறது. அனுபவமுள்ள இன்ஸ்ட்ரக்டர் இந்த இடத்தில் கத்த மாட்டார். "கால் விரலை ஆட்டு" என்பார். கால் விரலை ஆட்டிக்கொண்டே கையை இறுக்கிப் பிடிப்பது கஷ்டம், கை தானாகத் தளரும், தளர்ந்தவுடன் டிரிம் ஞாபகம் வரும், டிரிம் ஆனதும் கொஞ்சம் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் ரேடியோ புரியும்.

லேண்டிங்கிலும் இதே கதை. பத்துத் தடவை தொப்பென்று விழுந்தவருக்கு, ரன்வேயின் கிட்டத் தரையைப் பார்க்காமல் தூரத்து முனையைப் பார்க்க ஆரம்பித்ததும் ஒருநாள் திடீரென்று கைவந்துவிடும். அதுவரை முன்னேற்றமே இல்லாத மாதிரி இருக்கும். பறப்பதைக் கற்பது நேராக ஏறும் கோடு கிடையாது, நாள்கணக்கில் ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு ஒரே நாளில் ஒரு படி ஏறும். அந்த மட்டத்தில் நிற்கும் நாட்களில்தான் "எனக்கு வராது" என்ற எண்ணம் வருகிறது.

ஆனால் உண்மையிலேயே வராதவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. எப்படித் தெரிந்துகொள்வது? கடைசிப் பத்து சோர்ட்டிகளின் மதிப்பீட்டுத் தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வையுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், குறிப்புகளை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு தாளிலும் புதுப் புதுக் குறைகள் வந்திருக்கின்றன, பழையவை மறைந்துவிட்டன என்றால் நீங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள், எத்தனை திட்டு வாங்கியிருந்தாலும் சரி. டிரிம், வெளியே பார்ப்பது, வேகம் பிடிப்பது என்று ஒரே இரண்டு குறை திரும்பத் திரும்ப வந்தால், அந்த இரண்டை மட்டும் குறிவைத்துக் கூடுதல் சோர்ட்டியோ சிமுலேட்டரோ கேளுங்கள். குறிவைத்து உழைத்தும், இன்ஸ்ட்ரக்டர் மாறியும், நேரம் கொடுத்தும் அதே குறிப்பு அதே வார்த்தையில் நின்றால், அப்போது உங்கள் எல்லை இங்கேதான் இருக்கிறதோ என்று யோசிப்பதில் அர்த்தம் உண்டு.

நாற்காலியில் உட்கார்ந்து பறப்பதை, அதாவது தரையிலேயே முழு சோர்ட்டியையும் ஒத்திகை பார்ப்பதை, பலர் பேருக்குச் செய்கிறார்கள். சரியாகச் செய்தால் இதைவிட மலிவான மருந்து கிடையாது. காக்பிட் படத்தை எதிரே ஒட்டி, கண்ணை மூடாமல், கை உண்மையிலேயே ஒவ்வொரு சுவிட்சுக்கும் போக வேண்டும், ரேடியோ வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சர்க்யூட் உண்மையில் எடுக்கும் நேரத்திலேயே முடிக்க வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் என்ன செய்வாய் என்று நண்பனைக் குறுக்கே கேட்கச் சொல்லுங்கள். இதை ஒழுங்காகச் செய்யாத ஒருவர் "எனக்குத் திறமை இல்லை" என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் முந்திக்கொண்டு நீங்களே விலகாதீர்கள், பறக்க ஆசை இருக்கும்வரை. தகுதியில்லாதவரை நிறுத்த எல்லாப் படைகளிலும் ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்க விமானப்படையை எடுத்துக்கொண்டால், தொடர்ந்து தவறும் மாணவருக்கு முன்னேற்றச் சோதனை சோர்ட்டி, அதிலும் தவறினால் நீக்கம் குறித்த சோதனை சோர்ட்டி, அப்புறம் கமாண்டரின் மறு ஆய்வு என்று படிப்படியாகத்தான் போகும். உங்களை எடை போடும் வேலையைச் செய்ய அனுபவசாலிகள் இருக்கிறார்கள், அந்த வேலையை நீங்கள் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பயமா?

பயத்திலும் வகை உண்டு. விமானத்துக்கு நடந்து போகும்வரை வயிற்றைப் பிசைகிறது, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மறைந்துவிடுகிறது என்றால் அது எதிர்பார்ப்புப் படபடப்பு. மிகவும் சாதாரணம், பலருக்கு விங்ஸ் வாங்கிய பிறகும் போகாது. மேலே போன பிறகு மனசு வெறுமையாகி, கை உறைந்து, இன்ஸ்ட்ரக்டர் "உன் கண்ட்ரோல்" என்று சொன்னதும் எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நடுவில் ஒரு வகை இருக்கிறது, அது பலருக்கு என்னவென்றே தெரிவதில்லை. விரல் நுனி குறுகுறுக்கும், உதடு மரத்த மாதிரி இருக்கும், தலை லேசாகச் சுற்றும், "நான் மயங்கப் போகிறேன்" என்று தோன்றும். பதற்றத்தில் மூச்சை வேகமாக இழுத்து விடுவதால் உடம்பில் கரியமில வாயு குறைந்துபோவதால் வருவது. ஆக்சிஜன் குறைந்தாலும் ஏறக்குறைய இதே அறிகுறிதான் வரும் என்பதால், மாஸ்க் போட்டுப் பறப்பவர்கள் முதலில் ஆக்சிஜன் நடைமுறையைச் செய்து, இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லிவிட்டு, அப்புறம் மூச்சை மெதுவாக்க வேண்டும். இது ஒரு தடவை வந்ததை வைத்து "நான் கோழை" என்று விலகிப் போனவர்களை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் மூச்சை மெதுவாக விடக் கற்றுக்கொடுத்திருந்தால் போதும்.

மேகத்துக்குள் இன்ஸ்ட்ருமென்ட் பார்த்துப் பறக்கும்போது, விமானம் நேராக இருக்க உடம்பு மட்டும் சாய்ந்திருப்பதாகச் சொல்லும். அதுவும் கோளாறு கிடையாது, மனித உள்காதின் இயல்பு. கருவியை நம்பப் பழகுவதற்குத்தான் அந்தப் பயிற்சியே.

ஸ்பின், ஸ்டால் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) என்றாலே நடுங்குபவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். முதல் உலகப் போரில் பயிற்சியிலேயே ஏராளமான விமானிகள் செத்தார்கள். ஆபத்தான அசைவுகளை மாணவர் தொடவே கூடாது என்பது அன்றைய வழக்கம். 1917-ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பேரி என்ற அதிகாரி இதை மாற்றினார்: இரட்டைக் கட்டுப்பாடு வைத்த ஆவ்ரோ 504 விமானத்தில் மாணவரை விமானி இருக்கையில் உட்காரவைத்து, பேசும் குழாய் வழியாகச் சொல்லிக்கொடுத்து, வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போகவைத்து வெளியே வரக் கற்றுக்கொடுத்தார். ஏன் நடக்கிறது, எப்படி வெளியே வருவது என்று கை தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும் என்பதுதான் அவர் முறையின் அடிப்படை. இன்றைய பயிற்சி எல்லாம் அதன் வழியில் வந்ததே. அதனால் பயப்படும் பாடத்தைத் தவிர்க்காதீர்கள், அதையே இன்னொரு தடவை, நிதானமான இன்ஸ்ட்ரக்டரோடு, நல்ல உயரத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகும் பயம் அப்படியே இருந்தால், உங்களுக்கு ஒரு நேர்மையான பதில் கிடைத்துவிட்டது.

கூடப் படித்தவர் விபத்தில் போய்விட்டால் கதையே வேறு. துக்கத்தையும் பயத்தையும் அந்த நேரத்தில் யாராலும் பிரிக்க முடியாது. "அவனுக்காகவாவது நீ முடிக்கணும்" என்று சொல்பவர்களையும் கேட்க வேண்டாம், "போதும், வந்துவிடு" என்பவர்களையும் அன்றைக்குக் கேட்க வேண்டாம். தரையில் இருக்க நேரம் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே டாக்டரிடமோ பக்கத்தில் இருப்பவரிடமோ சொல்லுங்கள், வேலை, பதிவேடு, விங்ஸ் எல்லாம் அப்புறம்.

இன்ஸ்ட்ரக்டர் ஒத்துவரவில்லையா?

மாற்றிக் கேளுங்கள். அதற்கு வழி இருக்கிறது, நல்ல ஃப்ளைட் கமாண்டர் (பயிற்சிப் பிரிவின் தலைவர்) இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். "அவர் சரியில்லை" என்று போகாமல், "இவரோடு எனக்கு இந்தப் பாடம் ஏறவில்லை, வேறொருவரோடு இரண்டு சோர்ட்டி பறந்து பார்க்கிறேன்" என்று கேளுங்கள். அவமானப்படுத்துவது, கை வைப்பது, தொல்லை கொடுப்பது என்று போனால் அது புகார் கொடுக்க வேண்டிய விஷயம். தப்பு செய்தவர் இருக்க, நீங்கள் வெளியேறுவது நியாயமில்லை.

இல்லை, வேலையே வேண்டாமா?

மேலே சொன்ன எல்லாவற்றையும் கழித்த பிறகும் எஞ்சி நிற்பது இதுவென்றால், விலகுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி: மோசமான நாளைப் பார்க்காதீர்கள், நல்ல நாளைப் பாருங்கள். எல்லாம் சரியாகப் போய், இன்ஸ்ட்ரக்டரும் பாராட்டி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு டீப்ரீஃபுக்கு (பறந்த பின் நடக்கும் அலசலுக்கு) நடக்கும்போது என்ன தோன்றுகிறது? "இன்னொரு தடவை போகலாம்" என்று தோன்றுகிறதா, "அப்பாடா, ஒன்று குறைந்தது" என்று மட்டும் தோன்றுகிறதா? சில வாரங்களுக்கு நல்ல சோர்ட்டி முடிந்தவுடன் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். நல்ல நாளிலும் நிம்மதி மட்டுமே மிஞ்சினால் அந்த நோட்டு உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

அடுத்தது, பயிற்சியைப் பார்க்காமல் பயிற்சிக்கு அப்பால் இருக்கும் வேலையைப் பாருங்கள். ராணுவ விமானியின் வேலை பறப்பது மட்டுமில்லை. ஆயுதம் போடச் சொன்னால் போட வேண்டும். போட்ட இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள். இது உங்கள் மனசாட்சிக்கு ஒத்துவராது என்று தெரிந்தால், விங்ஸ் வாங்கும் முன்பே சொல்வதுதான் எல்லோருக்கும் நல்லது. மாதக்கணக்கில் வீட்டைவிட்டு இருப்பது, குழந்தை பிறக்கும்போது வேறு கண்டத்தில் இருப்பது, சில வருடம் கழித்து பறப்பதைவிட மேசை வேலை அதிகமாவது, இதெல்லாமும் அந்த வேலைதான். படையில் ஐந்தாறு வருடம் இருக்கும் ஒருவரைப் பிடித்து, சாகசக் கதை கேட்காமல், போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

இதிலும் ஒரு கிளை உண்டு. வேண்டாதது பறப்பதா, போர் விமானமா? பல படைகளில் அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகே பிரிக்கிறார்கள். இந்திய விமானப்படையில் துண்டிகல் அகாடமியில் பிலாட்டஸ் விமானத்தில் அடிப்படை முடித்த பிறகுதான் போர் விமானம், போக்குவரத்து, ஹெலிகாப்டர் என்று வழி பிரிகிறது. வெள்ளத்தில் சிக்கியவரைக் கயிற்றில் தூக்கும் ஹெலிகாப்டர் விமானியும் ராணுவ விமானிதான். கொஞ்சம் பொறுத்தால் உங்களுக்கான பாதை கிடைக்கும் என்றால் பொறுப்பது நல்லது. நினைத்த பாதை கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே" என்பது தொடர்வதற்கான காரணமே இல்லை. போன நாட்கள் இரண்டு பாதையிலும் போனவைதான். வீட்டுக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள் என்பதும் காரணமில்லை, காக்பிட்டில் அவர்கள் உட்காரப் போவதில்லை.

என்ன விலை கொடுக்க வேண்டிவரும்

இதைக் காதில் விழுந்த பேச்சை வைத்து முடிவு செய்யாமல், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். பார்க்க வேண்டியவை: விலகினால் படையைவிட்டே வெளியா, அல்லது வேறு பிரிவில் மீதி சேவைக்காலம் உண்டா; எந்தப் பிரிவு என்பதில் உங்கள் விருப்பத்துக்கு இடம் இருக்கிறதா, பெரும்பாலும் படையின் தேவைதான் முடிவு செய்யும்; பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா. இந்தியாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேரும்போதே, தன் கையில் இருக்கும் காரணத்துக்காக விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று பெற்றோரிடம் உறுதிப் பத்திரம் வாங்குகிறார்கள். அமெரிக்காவில் படிப்புதவி வாங்கியவர்களிடம் அதைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு உண்டு. பல இடங்களில் ஒருமுறை தானாக விலகியவருக்கு மறுபடி பறக்கும் பயிற்சி கிடைக்காது.

மறுபக்கமும் ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்க விமானப்படையில் பயிற்சி முடித்த விமானி அதிலிருந்து 10 வருடம் சேவை செய்ய வேண்டும். மனசில்லாமல் விங்ஸ் வாங்கினால், மனசில்லாமலே அத்தனை வருடம். விங்ஸ் அணிவிக்கும் நாளுக்கு முந்தைய ராத்திரிவரை முடிவைத் தள்ளிப்போடுவது அதனால்தான் தப்பு.

யாரிடம் பேசுவது

ஏற்கெனவே விலகிய ஒருவர், தொடர்ந்து முடித்த ஒருவர், இருவரிடமும். உங்களுக்கு மதிப்பெண் போடாத இன்ஸ்ட்ரக்டர் யாராவது இருந்தால் அவரிடம். ஃப்ளைட் சர்ஜனிடம். படையில் மதகுருவோ மனநல ஆலோசகரோ இருந்தால் அவர்களிடம், ஆனால் எதை ரகசியமாக வைப்பார்கள், எதை மேலே சொல்லியாக வேண்டும் என்று பேச்சை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒருவரிடம் மட்டும், அதுவும் வாய் காப்பவரிடம். வீட்டில் சொல்லும்போது "விலகட்டுமா" என்று கேட்காதீர்கள். "இப்படி ஒரு யோசனை இருக்கிறது, முடிவெடுத்தபின் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். கேள்வியாகக் கேட்டால் முடிவு அவர்கள் கைக்குப் போய்விடும்.

தொடர்வதென்றால்

முழுசாகத் தொடருங்கள். ஃப்ளைட் கமாண்டரிடம் போய் எந்தக் குறையில் உழைக்கப் போகிறேன் என்று இரண்டு வரி சொல்லுங்கள். ஒவ்வொரு மோசமான சோர்ட்டிக்குப் பிறகும் விலகலைப் பற்றி மறுபடி முதலிலிருந்து யோசிக்காதீர்கள். அடுத்து யோசிக்கும் இடம் எது என்று, உதாரணமாக அடுத்த கட்டப் பயிற்சி முடிந்தபின் என்று, இப்போதே முடிவு செய்துவிட்டு அதுவரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

விலகுவதென்றால்

தரையில் சொல்லுங்கள், காக்பிட்டில் வேண்டாம். வேண்டுமென்றே சோர்ட்டிகளைக் கெடுத்து "அவர்களே தள்ளட்டும்" என்று காத்திருக்காதீர்கள், அது ஆபத்து, நேர்மையும் இல்லை. இன்ஸ்ட்ரக்டரிடம் நேரில் முதலில் சொல்வது மரியாதை. அப்புறம் ஃப்ளைட் கமாண்டர். "கொஞ்சம் பொறு, யோசி" என்பார்கள், நல்ல எண்ணத்தில்தான். ஏற்கெனவே யோசித்தாகிவிட்டது, இந்தத் தேதியில் இருந்து யோசிக்கிறேன், இவர்களிடம் பேசினேன் என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒருநாள் அவகாசம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், முடிவு நிஜமானதென்றால் ஒருநாளில் மாறாது. சொன்னபின் மறுபடி பறக்க வைக்க முயன்றால் மறுத்துவிடுங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: "பறக்கும் பயிற்சியிலிருந்து என் சொந்த விருப்பத்தில் விலகிக்கொள்ள வேண்டுகிறேன். இது யோசித்து எடுத்த முடிவு. வேறு பிரிவில் சேவை செய்ய விருப்பமாக இருக்கிறேன்." கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும். காரணம் எழுதியே ஆக வேண்டும் என்றால் ஒரே காரணம், ஒரே வரி, யார் மேலும் பழி இல்லாமல். கையெழுத்துக்கு நீட்டும் படிவத்தில் தன்விருப்ப விலகலா, தகுதிக் குறைவா, மருத்துவமா என்று என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படித்துவிட்டுப் போடுங்கள். புரியாவிட்டால் படையின் சட்ட அலுவலகத்தில் கேட்க நேரம் கேளுங்கள்.

வேறு பிரிவுக்கு நேர்காணல் என்றால் வெறும் கையோடு போகாதீர்கள். வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, வானிலை, பொறியியல், தளவாடம் என்று எது வேண்டும், ஏன் வேண்டும் என்று தயாராகப் போங்கள். காக்பிட்டில் உட்கார்ந்த ஒருவர் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால், எதிர்முனையில் இருக்கும் விமானியின் குரலில் இருக்கும் பதற்றம் அவருக்குப் புரியும்.

கடைசி நாளுக்கு முன் லாக்புக், மதிப்பீட்டுத் தாள்கள், மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றில் எதற்கெல்லாம் நகல் தர விதி இருக்கிறதோ எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சிவில் விமானியாகப் போக நினைத்தால், முன்பு ஏதாவது பறக்கும் பயிற்சியை முடிக்காமல் விட்டீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்கக்கூடும். அப்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், கடிதத்தில் எழுதிய அதே ஒரு வரிக் காரணத்தோடு.